டெல்டா என்றால் என்ன அர்த்தம்? கதவு என்கிறார்கள்

போன வருடம் திருவாரூர்ப் பக்கம் ஒரு நண்பரின் வயலுக்குப் போயிருந்தேன். மோட்டார் கொட்டகைக்குள் எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தபடி நின்றார். "ஸ்டார்ல நல்லா ஓடுதுண்ணே, டெல்டாவுக்குத்தான் மாற மாட்டேங்குது" என்றார். நண்பர் விடுவாரா? "இருக்கிறதே டெல்டாவுலதானேய்யா, இன்னும் எங்க மாறணும்?" என்று சிரித்தார். உள்ளே ஒரு கான்டாக்டர் காயில் போயிருந்தது. அதை மாற்றினார்கள், மோட்டார் ஓடியது. எனக்கு மட்டும் அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஒருவர் சொன்ன டெல்டா, மோட்டாருக்குள் இருக்கும் மூன்று வைண்டிங்கை இணைக்கிற ஒரு முறை. மற்றவர் சொன்னது காவிரி பிரிந்து பரவி நெல் விளைகிற மாவட்டங்கள். இது போக 2021இல் நம்மைப் படாத பாடு படுத்திய கொரோனாவுக்கும் டெல்டா என்றுதான் பெயர் வைத்தார்கள், பங்குச்சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிற பையன்கள் டீக்கடையில் பேசுவதும் டெல்டா, பள்ளிக்கூட இயற்பியல் நோட்டில் சின்ன முக்கோணம் போட்டுப் பக்கத்தில் 'டி' எழுதி 'டெல்டா டி' என்று வாசித்தோமே அதுவும் இதேதான். எல்லாமே கிரேக்க நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தின் பெயர். ஆல்பா, பீட்டா, காமா, அடுத்தது டெல்டா. பெரிய எழுத்தாக எழுதினால் நேராக நிற்கும் ஒரு முக்கோணம். சின்ன எழுத்தாக எழுதினால் மேலே வால் வளைந்த ஒரு வட்டம்.

சரி, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? பழைய கிரேக்கர் ஒருவரை நிறுத்திக் கேட்டிருந்தால், "அது ஒரு எழுத்து, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஏனென்றால் அது அவர்கள் சொல்லே இல்லை. இன்றைய லெபனான் கரையோரம் டயர், சீதோன், பிப்லோஸ் என்று துறைமுக ஊர்களில் இருந்துகொண்டு மத்தியதரைக் கடல் முழுக்க வியாபாரம் செய்த பினீசியர்களிடம் வாங்கியது. கிரேக்கர்களே இதை மறைக்கவில்லை. எழுத்துகளைக் கொண்டுவந்தவர் கட்மோஸ் என்ற பினீசியர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார், எழுத்துகளைப் 'பினீசியச் சமாச்சாரங்கள்' என்கிற மாதிரியான ஒரு சொல்லால்தான் குறிப்பிட்டார்கள் என்றும் சொல்கிறார். கட்மோஸ் புராணத்து ஆள், அவரை விட்டுவிடலாம். ஆனால் எழுத்து பினீசியர்களிடமிருந்து, கி.மு. 800ஐ ஒட்டிய காலத்தில் போனது என்பதில் இன்றைய ஆராய்ச்சியாளர்களுக்கும் பெரிய சண்டை இல்லை.

பினீசியர்கள் இந்த எழுத்துக்கு வைத்திருந்த பெயர் 'தாலெத்', அதற்குக் கதவு என்று அர்த்தம். அவர்களுடைய மொழிக்கு நெருங்கிய சொந்தமான எபிரேயத்தில் இன்றைக்கும் நான்காவது எழுத்து 'தாலெத்', கதவுக்குச் சொல் 'தெலெத்'. அரபியில் அதே எழுத்து 'தால்'.

எழுத்துக்கு ஏன் கதவு என்று பெயர் வைக்க வேண்டும்? நம் அரிச்சுவடியை நினைத்துப் பாருங்கள். 'ஆ' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு ஆட்டின் படம் போட்டு, 'ஆ, ஆடு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். எழுத்தின் பெயர் என்னவோ ஆவன்னாதான், ஆடு வெறும் துணைக்கு வந்தது. அங்கே நடந்தது இதற்கு நேர் எதிர்த் திசையில். முதலில் படம். மாட்டுத் தலை வரைந்து அதற்கு மாடு என்று சொல் (அவர்கள் மொழியில் 'ஆலெஃப்'), அந்தச் சொல்லின் முதல் ஒலி எதுவோ அந்த ஒலிக்கு அந்தப் படம் என்று வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு 'பேத்', அதனால் 'ப' ஒலிக்கு வீட்டுப் படம். கதவுக்கு 'தாலெத்', அதனால் 'த' ஒலிக்குக் கதவு. எழுதி எழுதிப் படம் தேய்ந்து நாலு கோடாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் 'ஆ'வுக்கு ஆடு என்றே பெயர் வைத்து, அதையே ஆயிரம் வருடம் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இந்தப் படக் கதைக்கு ஆதாரம் சினாய் பாலைவனத்தில் கிடைத்தது. செராபித் எல் காதிம் என்ற இடத்தில் எகிப்தியர்கள் பச்சைநீலக் கல் வெட்டிய பழைய சுரங்கங்கள் இருக்கின்றன. 1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அங்கே எகிப்தியப் படஎழுத்து மாதிரி இருக்கிற, ஆனால் எகிப்திய மொழியாக வாசிக்க முடியாத கிறுக்கல்களைக் கண்டெடுத்தார். 1916இல் எகிப்திய எழுத்து ஆராய்ச்சியாளர் ஆலன் கார்டினர், படத்தின் செமிட்டிக் (பினீசியம், எபிரேயம், அரபி எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பம்) பெயரில் முதல் ஒலியை மட்டும் எடுத்து வாசித்தால் வருகிறதா என்று பார்த்தார், திரும்பத் திரும்ப வந்த ஒரு எழுத்து வரிசை 'பஆலத்' என்ற பெண் தெய்வத்தின் பெயராக வந்தது. இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் எழுதுகிற எழுத்துகளின் கொள்ளுத்தாத்தா இந்தக் கிறுக்கல்கள்தான் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இழுபறி. 'த' ஒலிக்கு முதலில் வரைந்தது கதவே இல்லை, மீன் என்று ஒரு கட்சி உண்டு. மீனுக்கு அந்த மொழிகளில் 'தாக்' என்பது போன்ற சொல், அதுவும் அதே ஒலியில்தான் தொடங்குகிறது. படத்தில் மீன் இருந்திருந்தாலும் எழுத்துக்கு நிலைத்த பெயர் கதவுதான், அதனால் நமக்குப் பாதகமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'டி' ஃபார் 'டோர்', ஆகா பொருந்துகிறதே என்று யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அது தற்செயல். ஆங்கில டோர், சமஸ்கிருத துவாரம் (கோயில் வாசலில் நிற்கிறாரே துவாரபாலகர், அந்தத் துவாரம்), கிரேக்க மொழியில் கதவுக்குச் சொல்லான 'தீரா', இவை மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தாலெத் வேறு குடும்பம். அதாவது கிரேக்கர்களிடம் கதவுக்குச் சொந்தமாக ஒரு சொல் இருந்தது, அதை விட்டுவிட்டு இன்னொரு மொழியின் கதவை, அது கதவு என்றே தெரியாமல், எழுத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

தாலெத் எப்படி டெல்டா ஆனது என்பது தமிழ் ஆட்களுக்கு ரொம்பச் சுலபமாகப் புரியும். நாம் 'கேட்' என்று நிறுத்துவதில்லை, 'கேட்டு' என்கிறோம். 'பேங்க்' நமக்கு 'பேங்கு', 'பஸ்' வந்து 'பஸ்ஸு'. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, அதனால் வாய் தானாகவே கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்க்கிறது. கிரேக்கத்துக்கும் இதே வியாதி. அவர்கள் சொற்கள் உயிரில் முடியும், இல்லாவிட்டால் ன், ர், ஸ் மாதிரி சில மெய்களில் முடியும், 'த்' என்று மொட்டையாக முடியாது. நாம் உகரம் சேர்க்கிற இடத்தில் அவர்கள் 'ஆ' சேர்த்தார்கள். ஆலெஃப் ஆல்பா ஆனது, பேத் பீட்டா ஆனது, தாலெத் டெல்டா. சேர்த்த கையோடு அர்த்தமும் போய்விட்டது. அதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. செப்டம்பர் என்ற பெயருக்குள் ஏழு என்ற இலத்தீன் எண் ஒளிந்திருக்கிறது, ஆனால் அதை ஒன்பதாவது மாதமாக வைத்துக்கொண்டு நாம் சம்பளம் வாங்கவில்லையா?

உச்சரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நான் பல வருடம் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். 'டெல்டா' என்பது ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த உச்சரிப்பு. இன்றைய கிரேக்கத்தில் போய்க் கேட்டால் 'தெல்தா' என்பது போல இருக்கும். முதல் எழுத்து, நாம் 'அது', 'இது' என்று சொல்லும்போது நடுவில் மென்மையாக வருகிற அதே 'து'வின் ஒலி. அந்த ஒலி நமக்குப் பிறந்தபோதே வாயில் இருக்கிறது.

அர்த்தம் போன பிறகு அந்தப் பெயரில் மிச்சம் என்ன இருந்தது என்று பார்த்தால், உலகத்தில் எங்கெல்லாம் டெல்டா என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கெல்லாம் விடை கிடைத்துவிடும். மூன்று விஷயம்தான் மிச்சம். முக்கோண உருவம், வரிசையில் நான்காவது இடம், 'ட' என்ற முதல் ஒலி. புதிதாக ஒரு டெல்டாவைப் பார்த்தால், இவன் உருவத்தால் வந்தவனா, வரிசையால் வந்தவனா, ஒலியால் வந்தவனா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றில் மாட்டிக்கொள்வான்.

உருவத்தால் வந்தவற்றில் மூத்தது ஆறு. கெய்ரோவுக்கு வடக்கே நைல் நதி கிளை பிரிந்து விசிறி மாதிரி விரிந்து கடலில் சேர்கிறது. பழங்காலத்தில் ஏழு வாய்கள் என்று சொன்னார்கள், இப்போது இரண்டு பெரிய கிளைகள்தான் உண்டு, ரொசெட்டா, டாமியெட்டா. (ரொசெட்டா கல் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, 1799இல் கிடைத்தது இந்தக் கிளையோர ஊரில்தான்.) கிளைகளுக்கு நடுவில் கிடக்கிற கறுப்பு வண்டல் நிலத்தைக் கிரேக்கர்கள் தங்கள் எழுத்தின் பெயரால் டெல்டா என்றார்கள். ஹெரோடோட்டஸ் இதைத் தான் கண்டுபிடித்த பெயராகச் சொல்லவில்லை, எல்லோரும் அறிந்த பெயராகவே பயன்படுத்துகிறார். டெல்டா மட்டும்தான் எகிப்து, மற்றதெல்லாம் லிபியாவும் அரேபியாவும் என்று அயோனியக் கிரேக்கர்கள் சொல்வதாகச் சொல்லி அவர்களோடு சண்டை வேறு போடுகிறார்.

அந்த மனிதரின் கண்ணை மெச்ச வேண்டும். எகிப்து ஆறு கொடுத்த கொடை என்று அவர் சொன்னது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு அவர் காட்டுகிற ஆதாரம்தான் எனக்குப் பிடித்தது. கரைக்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருக்கும்போதே கடலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாருங்கள், சேறு ஒட்டிக்கொண்டு வரும், ஆழம் பதினோரு பாகம்தான் இருக்கும் என்கிறார். நம் மீனவர்கள் இன்றும் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்கிறார்களே, அதே மாதிரி இரண்டு கையையும் விரித்தால் வருகிற அளவு. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கடலைத் தூர்க்கிறது என்ற விஷயம், நிலவியல் (ஜியாலஜி) என்று ஒரு பாடம் வருவதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேலே முன்பே அவருக்குப் புரிந்திருக்கிறது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். வடக்கை மேலே வைத்து வரைகிற இன்றைய படத்தில் நைல் டெல்டா தலைகீழ் முக்கோணம். முனை தெற்கே கெய்ரோ பக்கம், அகன்ற அடி வடக்கே கடலோரம். எழுத்து நேராக நிற்க வேண்டுமானால் நீங்கள் கடலில் கப்பல் மேல் நின்று தெற்கே பார்க்க வேண்டும். கிரேக்கர்கள் எகிப்துக்கு வந்த வழியும் அதுதான். இதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

இந்தப் பெயர் நைலை விட்டு வெளியே வந்த ஆரம்பக் கட்டத்திலேயே நம் துணைக்கண்டம் உள்ளே வந்துவிடுகிறது. அலெக்சாண்டரின் படையெடுப்பைப் பற்றி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய அரியன், சிந்து நதியும் கடலருகே எகிப்தில் இருப்பதைப் போல ஒரு டெல்டாவை உண்டாக்குகிறது, இந்தியர்கள் மொழியில் அதற்குப் பட்டாலா என்று பெயர் என்கிறார். அப்போதே அது ஒரு இடத்தின் பெயர் என்ற நிலையிலிருந்து ஒரு வகை நிலத்தின் பெயராக மாற ஆரம்பித்துவிட்டது.

டெல்டா உண்டாகிற விதத்தில் மாயம் எதுவும் இல்லை. வேகமாக ஓடும் தண்ணீர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும், தட்டையான நிலத்துக்கு வந்து கடலை நெருங்கியதும் வேகம் குறையும், தூக்கி வந்ததைக் கீழே போடும், போட்ட மண்ணே வழியை அடைக்கும், ஆறு பக்கவாட்டில் இன்னொரு வழி தேடும், அங்கேயும் இதே கதை. பல ஆயிரம் வருடம் இப்படிப் போட்டுப் போட்டு ஒரு விசிறி உருவாகிறது. காவிரியைப் பாருங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையைத் தாண்டினால் வெண்ணாறு, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன் என்று பிரிந்து பிரிந்து, பூம்புகார் வந்து சேரும்போது இதுவா அகண்ட காவிரி என்று கேட்கிற அளவுக்குச் சின்ன வாய்க்காலாகிவிடுகிறது. முனை திருச்சிப் பக்கம், அடிப்பக்கம் கொள்ளிட முகத்திலிருந்து கோடியக்கரை வரை நீள்கிற கடற்கரை. கிரேக்க எழுத்தை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். தமிழில் கழிமுகம் என்ற நல்ல சொல் உண்டுதான், ஆனால் அது ஆறு கடலில் கலக்கிற இடத்தையும் குறிப்பதால் பத்திரிகைக்காரர்களும் விவசாயிகளும் டெல்டாவையே எடுத்துக்கொண்டார்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் போகுமா என்று கவலைப்படுகிற யாருக்கும் அது அந்நியச் சொல்லாகப் படுவதில்லை. 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது ஊரெல்லாம் பேசியதும் இந்தப் பெயரில்தான்.

எல்லா டெல்டாவும் முக்கோணமாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி ஆற்றின் டெல்டா பறவையின் கால் மாதிரி விரல் விரலாகக் கடலுக்குள் நீண்டிருக்கும். அதைவிட வேடிக்கை, அமெரிக்காவில் 'மிசிசிப்பி டெல்டா' என்று சொன்னால் பெரும்பாலும் அந்த முகத்துவாரத்தைச் சொல்ல மாட்டார்கள். கடலுக்கு வெகு தொலைவில், மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற பருத்தி விளையும் வண்டல் சமவெளியைத்தான் சொல்வார்கள். அங்கே பருத்திக்கு விமானத்தில் பூச்சிமருந்து தெளித்த ஒரு கம்பெனிதான் 1928இல் அந்த வட்டாரத்தின் பெயரை எடுத்துக்கொண்டு பிற்பாடு டெல்டா ஏர்லைன்ஸ் ஆனது. எழுத்திலிருந்து எகிப்துக்கும், எகிப்திலிருந்து அமெரிக்கப் பருத்திக்காட்டுக்கும், அங்கிருந்து விமானத்துக்கும் போன பெயர், கடைசியில் விமானத்தின் வாலில் மறுபடி முக்கோணமாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

மோட்டார் கொட்டகைக்கு வருவோம். மும்முனை மோட்டாருக்குள் மூன்று வைண்டிங், ஆறு முனை. மூன்று வைண்டிங்கிலும் ஒவ்வொரு முனையை எடுத்து ஒரே புள்ளியில் சேர்த்துக் கட்டினால் அது நட்சத்திரம், அதாவது ஸ்டார். ஒன்றின் முடிவை அடுத்ததின் ஆரம்பத்தோடு சேர்த்து வட்டமாகக் கட்டினால் காகிதத்தில் முக்கோணமாக வரும், அது டெல்டா. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கரண்டை ஏகத்துக்கு இழுக்கும். அதனால் முதலில் ஸ்டாரில் கிளப்புகிறார்கள். அப்போது ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் சுமார் 240 வோல்ட்தான் போகும், லைனிலிருந்து இழுக்கிற கரண்ட்டும் நேராக டெல்டாவில் போட்டால் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேகம் பிடித்ததும் டைமர் 'டக்' என்று டெல்டாவுக்கு மாற்றிவிடும், அதன் பிறகு முழு வோல்டேஜ், முழு பலம். அந்த 'டக்' கேட்காததால்தான் அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

உருவத்தால் வந்தவை இன்னும் உண்டு. தேஜஸ் போர் விமானத்தின் முக்கோண இறக்கை டெல்டா இறக்கை. ஜிம்மில் தோளைக் காட்டி 'டெல்டாய்டு' என்கிறார்களே, அந்தத் தசை டெல்டா வடிவத்தில் இருப்பதால் அந்தப் பெயர். கொரோனாத் தடுப்பூசி போட்ட இடமும் அதுதான், ஆக டெல்டாவுக்குப் பயந்து டெல்டாவில் ஊசி போட்டுக்கொண்டோம்.

அந்த வைரஸ் மட்டும் வரிசையால் வந்த டெல்டா. முக்கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதுப்புது வகைகள் வந்தபோது விஞ்ஞானிகள் பி.1.617.2 என்று பெயர் வைத்தார்கள், அது வாயில் நுழையவில்லை, மக்களும் செய்திக்காரர்களும் பிரிட்டன் வைரஸ், இந்திய வைரஸ் என்று நாட்டுப் பெயர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எந்த நாட்டுக்கும் கெட்ட பெயர் வேண்டாம் என்று 2021 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளை வரிசையாக வைத்தது. பிரிட்டனில் முதலில் தெரிந்தது ஆல்பா, தென்னாப்பிரிக்காவில் தெரிந்தது பீட்டா, பிரேசில் தொடர்புடையது காமா, இந்தியாவில் தெரிந்தது நான்காவதாக வந்ததால் டெல்டா. பினீசியர்கள் கதவை நான்காவதாக வைத்திருக்காவிட்டால் அந்த அலைக்கு வேறு பெயர் இருந்திருக்கும்.

அந்த நான்காம் இடம் அசைக்க முடியாதது. கிரேக்கர்கள் எழுத்தை எண்ணாகவும் பயன்படுத்தினார்கள், டெல்டாவுக்கு மதிப்பு 4. எபிரேயத்தில் தாலெத்துக்கும் 4, அரபியில் தாலுக்கும் 4. அரபி நெடுங்கணக்கின் இன்றைய வரிசை மாறிப்போய்விட்டது, ஆனால் எண் கணக்குக்கு மட்டும் பழைய பினீசிய வரிசையை அப்படியே வைத்திருக்கிறார்கள், அதன் முதல் நாலு எழுத்தைச் சேர்த்து 'அப்ஜத்' என்றே அதற்குப் பெயர். நம் ஊரில் ஆட்டோவிலும் பிரியாணிக் கடை போர்டிலும் 786 என்று எழுதியிருக்கிறதே, அது பிஸ்மில்லா வாசகத்தின் எழுத்துகளை இந்த அப்ஜத் கணக்கில் கூட்டினால் வருகிற எண்தான்.

வானத்திலும் இதே வரிசைதான். 1603இல் யோகான் பாயர் என்ற ஜெர்மானியர் ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் பிரகாசமானதற்கு ஆல்பா, அடுத்ததற்கு பீட்டா என்று ஏறக்குறைய வெளிச்ச வரிசையில் கிரேக்க எழுத்து கொடுத்தார் (கறாராக அந்த வரிசையைப் பிடித்தார் என்று சொல்ல முடியாது). அப்படி சிஃபியஸ் கூட்டத்தில் டெல்டா வாங்கிய ஒரு நட்சத்திரம், மங்கி மங்கிப் பிரகாசிப்பதை 1784இல் ஜான் குட்ரிக் என்ற காது கேளாத ஆங்கிலேய இளைஞர் கவனித்தார். ஐந்து நாளும் சுமார் ஒன்பது மணி நேரமும் கழித்துத் திரும்பத் திரும்ப அதே ஏற்ற இறக்கம். இரண்டு வருடத்தில், இருபத்தோரு வயதில், அவர் இறந்துபோனார். அந்த ரக நட்சத்திரங்களின் துடிப்பு நேரத்தை வைத்து அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணக்கிடலாம் என்று ஹென்ரியட்டா லீவிட் 1912இல் காட்ட, அதை வைத்து 1920களில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள இன்னொரு மண்டலம் என்று அளந்து சொன்னார்.

மூன்றாவது, ஒலி. கணக்கில் டெல்டா வந்தால் 'மாற்றம்' அல்லது 'வித்தியாசம்' என்று பொருள். இலத்தீனில் வித்தியாசத்துக்குச் சொல் 'டிஃபெரென்ஷியா', அதன் முதல் ஒலி 'டி', அதற்கு ஒத்த கிரேக்க எழுத்து டெல்டா. 1755இல் கணித மேதை ஆய்லர் தன் நூலில் இரண்டு மதிப்புகளின் வித்தியாசத்துக்கு இந்த முக்கோணத்தைப் போட்டுக் கணக்குச் செய்தார். காலையில் 28 டிகிரி, மதியம் 36 டிகிரி என்றால் டெல்டா டி என்பது 8, அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆப்ஷன் பையன்கள் சொல்வதும் இதே சங்கதிதான். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் கையில் இருக்கிற ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்ற விகிதம்தான் டெல்டா. அது 0.5 என்றால் நிஃப்டி 10 புள்ளி ஏறும்போது ஆப்ஷன் விலை சுமார் 5 ரூபாய் ஏறும். இறங்கினாலும் அதே கணக்கு, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

இரண்டு சந்தேகக் கேஸ். வேதியியலில் அம்புக்குறி மேல் சின்ன முக்கோணம் போட்டால் சூடாக்கு என்று பொருள். அதையும் வாத்தியார்கள் டெல்டா என்றே சொல்வார்கள், ஆனால் பழைய ரசவாதிகள் நெருப்புக்குப் போட்ட குறியும் நேராக நிற்கும் முக்கோணம்தான், அதிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று, கல்லூரிக் கணிதத்தில் வருகிற தலைகீழ் முக்கோணம். அதற்குச் சிலர் டெல்டாவின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்து 'அட்லெட்' என்று பெயர் வைத்தார்கள். நிலைத்தது 'நாப்லா' என்ற பெயர், அது ஒரு பழைய யாழ் வகை, அந்தச் சொல்லும் கிரேக்கர்கள் செமிட்டிக் மொழியிலிருந்து வாங்கியதுதான்.

கதவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுத்தின் பெயரில் தொலைந்துபோன கதவு, கிரேக்கத்துக்குள் இன்னொரு வழியாகவும் போயிருக்கிறது. 'தெல்தொஸ்' என்று பழைய கிரேக்கத்தில் ஒரு சொல். மெழுகு பூசி எழுத்தாணியால் எழுதுகிற மரப்பலகை, இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்து மடக்கி வைப்பார்கள். துருக்கிக் கரையோரம் உலுபுருன் என்ற இடத்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய கப்பலைத் தோண்டியபோது அப்படி ஒரு பலகை கிடைத்தது, தந்தத்தில் செய்த கீலோடு. திறந்து மூடினால் சின்ன இரட்டைக் கதவேதான். அதனால்தான் அந்தச் சொல்லும் செமிட்டிக் மொழிகளின் கதவுச் சொல்லிலிருந்து வந்தது என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்த 'தெல்தொஸ்' கொஞ்சம் சின்னதாகி 'தெல்தியோ' ஆனது, இன்றைய கிரேக்கத்தில் அதற்கு அட்டை, செய்தியறிக்கை என்றெல்லாம் பொருள். டி.வி.யில் வருகிற செய்தியறிக்கை ஒரு தெல்தியோ. நம் ஆதார் மாதிரி அவர்கள் பையில் வைத்திருக்கிற அடையாள அட்டைக்கும் முழுப் பெயரில் முதல் சொல் தெல்தியோதான்.